ஜாக் நிக்லஸின் சொத்து: மதிப்பீட்டுத் தளமா, பரிசுக் கணக்கா?

ஓய்வுபெற்ற அமெரிக்க கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லஸிடம் எவ்வளவு பணம் இருக்கும்? இணையத்தில் தேடினால் இரண்டு வழிகள்: பிரபலங்களின் சொத்து மதிப்பைப் போடும் தளங்கள், அமெரிக்காவின் முக்கியத் தொழில்முறை கோல்ஃப் போட்டித் தொடரான பிஜிஏ டூரின் அதிகாரபூர்வப் பரிசுக் கணக்கு.

மதிப்பீட்டுத் தளம் வேகமானது. பெயரைத் தட்டியதும் பல கோடி டாலர் என்று ஒரே எண் வந்து நிற்கும். கடன் எவ்வளவு, தனியார் நிறுவனப் பங்குக்கு எப்படி விலை போட்டார்கள் என்பதற்குப் பெரும்பாலும் விவரம் இருக்காது. ஒரு தளம் போட்டதை இன்னொன்று அப்படியே எடுத்துப் போடுவதும் உண்டு. அதனால் ஐந்து இடங்களில் ஒரே தொகை இருந்தாலும் அது ஐந்து சாட்சி ஆகாது.

பரிசுக் கணக்கில் எண் உறுதி, ஆனால் சிறியது. மேஜர் எனப்படும் நான்கு பெரிய கோல்ஃப் போட்டிகளில் 18 பட்டங்கள் வென்றவர் பிஜிஏ டூரில் மொத்தமாகப் பெற்றது சுமார் 57 லட்சம் டாலர்தான். 1986-இல், 46 வயதில், அந்த மேஜர்களில் ஒன்றான மாஸ்டர்ஸை வென்றபோது கிடைத்தது 1,44,000 டாலர். 2024-இல் அதே பட்டத்துக்கு ஸ்காட்டி ஷெஃப்லர் வாங்கியது 36 லட்சம் டாலர்! நிக்லஸ் பெரிதாகச் சம்பாதித்தது கோல்ஃப் மைதான வடிவமைப்பிலும் விளம்பரத்திலும். அது இந்தக் கணக்கில் வராது.

என்னைக் கேட்டால், பரிசுக் கணக்கில்தான் தொடங்க வேண்டும். அப்புறம் ஃபோர்ப்ஸ் இதழ் மாதிரி, கணக்கிட்ட முறையைச் சொல்லும் பட்டியலுக்குப் போகலாம். அதன் 2017 பட்டியலில் நிக்லஸுக்கு 120 கோடி டாலர். பணவீக்கத்தைச் சரிக்கட்டிய வாழ்நாள் வருமானம் அது, கையிருப்பு அல்ல. அதையே சொத்து என்று போடும் பக்கத்தை அப்போதே மூடிவிடலாம்.