பவர் திருப்புதல் 1871 என்று காட்டி 38,000 ரூபாயைப் பறித்துவிட்டார்கள்: பழைய பைபிள் வாங்குகிறவர்கள் கவனம்

பழைய தமிழ் பைபிள் பதிப்புகளைத் தேடி வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். கோபம் ஆறிய பிறகு எழுதுங்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள். அது ஆறுவதற்குள் இன்னொருத்தர் பணம் போய்விடும். என்னிடமிருந்து போனது 38,000 ரூபாய். அதற்குக் கைக்கு வந்தது தேயிலைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த ஒரு புது பைபிள்.

பழைய புத்தகம், நாணயம், தபால்தலை எல்லாம் விற்கிற ஒரு ஆன்லைன் தளம். பெயர் சொல்லவில்லை, பழம்பொருள் சேர்க்கிறவர்களுக்கு இந்த மாதிரித் தளங்கள் தெரிந்தவைதான். அதில் ஒரு விளம்பரம்: ‘பவர் திருப்புதல், முதல் முழு வேதாகமம், 1871, தோல் அட்டை, குடும்பப் பதிவுடன்.’ திருப்புதல் என்றால் மொழிபெயர்ப்பு. படங்கள் தெளிவாக இருந்தன. முகப்புப் பக்கத்தில் வருஷம் தெரிந்தது. முன்னால் இருந்த வெற்றுத் தாளில் மைக்கூட்டு எழுத்தில் ஒரு குடும்பத்தின் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம் எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. பூப்போட்ட மேசை விரிப்பின் மேல் வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். அந்த விரிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1871 என்றால் ஏன் இவ்வளவு பணம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். இன்றைக்கும் நம் சபைகளில் பெரும்பாலோர் கையில் இருக்கும் வேதாகமம் ஹென்றி பவர் ஐயர் (பாதிரியாரை ஐயர் என்பது சபை வழக்கம்) தலைமையில் உருவான அந்தத் திருப்புதல்தான். அவருக்கு உடனிருந்து தமிழைச் செம்மைப்படுத்தியவர் முத்தையா பிள்ளை. நம் பாட்டிமார் மனப்பாடமாகச் சொன்ன சங்கீதம், கல்லறைத் தோட்டத்தில் வாசிக்கிற வசனம் எல்லாம் அங்கிருந்து வந்தவை. அதன் முதல் அச்சு ஒரு பிரதி வீட்டில் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. என்னிடம் லார்சன் திருத்திய 1936 திருப்புதல் இருக்கிறது, கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த 1995 திருவிவிலியம் இருக்கிறது, லுத்தரன் சபையார் கைவிடாமல் மறுபடி மறுபடி அச்சிட்ட, பதினெட்டாம் நூற்றாண்டு மிஷனரி பப்ரிசியஸ் செய்த திருப்புதலின் பிந்திய பதிப்பு ஒன்றும் இருக்கிறது. இடையில் 1871 இல்லாதது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

போன் போட்டேன். எடுத்ததும் “ஸ்தோத்திரம் அண்ணாச்சி” என்றான். சின்னப் பையன் குரல். தாத்தா உபதேசியாராக இருந்தவர், அவருக்கு மிஷன் துரை கொடுத்தது, வீட்டில் யாருக்கும் அருமை தெரியவில்லை, தங்கைக்கு காலேஜ் பீஸ் கட்ட வேண்டும், அதனால்தான் விற்கிறோம் என்றான். நான் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். பவருக்கு முந்தி யார் திருப்பினது என்றால் ரேனியஸ் ஐயர் என்கிறான், பாளையங்கோட்டை என்கிறான். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் ஐயரோடு ஆறுமுக நாவலர் வேலை செய்ததையும், அது 1850இல் சென்னையில் அச்சாகியும் சபைகளில் நிலைக்காமல் போனதையும் அவனே எடுத்துச் சொல்கிறான். “அந்த 1850ம் ஒண்ணு எங்கிட்ட இருக்கு அண்ணாச்சி, இது முடியட்டும், அதையும் உங்களுக்கே தாரேன்” என்றான். பதிப்பு சேர்க்கிற எவனுக்கும் இதைக் கேட்டால் தூக்கம் போய்விடும்.

அதோடு விடவில்லை. வீடியோ காலில் வரச் சொன்னேன், வந்தான். ஆதியாகமம் முதல் அதிகாரத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னேன், காட்டினான். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய பழைய றா, தும்பிக்கை வைத்த லை, னை எல்லாம் கண்ணால் பார்த்தேன். எழுத்து தாளில் அழுந்தி நிற்கிற அச்சு. குடும்பப் பதிவில் மை பழுத்துப் பழுப்பாகி, பின்பக்கம் வரைக்கும் ஊறியிருந்தது. அவன் கையில் அன்றைக்கு இருந்தது உண்மையான பழைய புத்தகம்தான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் புத்தகம் பெட்டிக்குள் போகவில்லை.

விலை பேசி முடிந்ததும் “ஒரு நிமிஷம் ஜெபிச்சுக்கலாமா அண்ணாச்சி” என்றான். “ஆண்டவரே, இந்த வேதபுத்தகம் அண்ணாச்சி வீட்டுக்கு ஆசீர்வாதமா போய்ச் சேரட்டும்” என்று கண்ணீர் குரலில் ஜெபித்தான். நான் ஆமென் சொன்னேன். என் மனைவியும் பக்கத்தில் நின்று ஆமென் சொன்னாள். அந்த ஆமெனுக்குப் பிறகுதான் 38,000 ரூபாய் போனது. பணத்தைத் தனியாக அனுப்பவில்லை, தளத்தின் வழியாகவே முறைப்படி கட்டினேன். ‘பாதுகாப்பான பரிவர்த்தனை’ என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

பார்சல் வந்தது. அட்டை பழைய தோல்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஏதோ பழைய கணக்குப் புத்தகத்தின் அட்டையாக இருக்க வேண்டும். திறந்ததும் வந்த வாசனையே தப்பாக இருந்தது. பழைய தாளுக்கு ஒரு மக்கின வாசம் உண்டு. இதில் டீ வாசம் அடித்தது. பஞ்சை நனைத்து ஓரத்தில் துடைத்தேன், பழுப்பு நிறம் பஞ்சில் வந்துவிட்டது, கீழே தாள் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. பக்க விளிம்புகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.

ஆதியாகமம் 1:4 எடுத்தேன். ‘வெளிச்சத்தையும் இருளையும் தேவன் வெவ்வேறாகப் பிரித்தார்.’ அந்த ‘வெவ்வேறாக’வில் இருக்கிற றா, இன்றைக்கு நாம் எழுதுகிற மாதிரி ற பக்கத்தில் தனியாகக் கால் போட்ட றா! பழைய அச்சில் அது ஒரே எழுத்தாக, கீழே சுழித்து வளைந்து நிற்கும். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1978இல் அரசாணை வந்த பிறகுதான் இந்தப் புது எழுத்து பாடப்புத்தகத்துக்கும் அச்சகங்களுக்கும் பரவியது. பெரியார் 1935இலேயே ‘குடிஅரசு’ இதழில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார், உண்மை. ஆனால் 1871இல் எந்த மிஷன் அச்சகமும் இப்படி அச்சடித்திருக்க முடியாது. வீடியோவில் பார்த்த அதே அதிகாரம், அதே வசனம், எழுத்து மட்டும் நூறு வருஷத்துக்கு மேல் பிந்தியது. கை நடுங்கிவிட்டது எனக்கு.

முகப்புப் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் பளபளக்கிறது. லேசர் பிரிண்ட். பழைய வெற்றுத் தாளில் ஸ்கேன் படத்தை அடித்து, உள்ளே பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். கீழ் மூலையில் ஒரு வட்ட முத்திரையை அழித்த கறை, அரை வட்டம் இன்னும் தெரிகிறது. ஏதோ ஒரு நூலகத்தின் முத்திரை. விளம்பரப் படத்தில் அந்த மூலையை வெட்டியிருந்தார்கள். குடும்பப் பதிவும் அப்படியேதான். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளின் பெயர்களை, யாரோ ஒரு தகப்பன் பார்த்துப் பார்த்து எழுதியதை, பிரிண்டரில் அடித்து ஒட்டியிருக்கிறார்கள். பணம் போனதைவிட இதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அந்தக் குடும்பத்தின் உண்மைத் தாள் இப்போது எங்கே கிடக்கிறதோ.

உடனே அவனைக் கூப்பிட்டேன். முதலில் “கூரியர்ல மாறியிருக்கும் அண்ணாச்சி” என்றான். கூரியர்காரன் டீயில் நனைத்து முகப்புப் பக்கம் ஒட்டுவானா? பிறகு கூப்பிட்டால் உபவாச ஜெபத்தில் இருக்கிறேன் என்றான். அப்புறம் “பழசுன்னா அப்படித்தான் இருக்கும், பழசு வாங்குற நீங்கதான் புரிஞ்சுக்கணும்” என்று எனக்கே பாடம் எடுத்தான். கடைசியாக “கர்த்தர் பார்த்துக்குவார்” என்று ஒரு குறுஞ்செய்தி. அதன் பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டான்.

தளத்துக்காரர்கள் அவனைவிட மோசம். முதலில் பேசியது மனுஷனே இல்லை, ‘உங்கள் பொறுமைக்கு நன்றி’ என்று திருப்பித் திருப்பிச் சொல்கிற தானியங்கிப் பதில். போராடி ஒரு ஆளைப் பிடித்தால், அந்தப் பெண் சொல்கிறார்: “சார், பழம்பொருள் பிரிவுல ரிட்டர்ன் கிடையாது.” பழம்பொருள் என்றால்தானே அம்மா அந்த விதி, இது பழம்பொருளே இல்லை என்கிறேனே என்றால், “அதை நாங்க சரிபார்க்க முடியாது சார்” என்கிறார். இன்னொருத்தர் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, அதில் ‘பழைய தமிழ் பைபிள்’ என்றுதான் இருக்கிறது, வருஷமே இல்லை என்றார். போய்ப் பார்த்தால் விளம்பரத்தையே மாற்றியிருக்கிறார்கள்! நல்லவேளை, வாங்கும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். அனுப்பினேன். பதில் இல்லை. ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று மட்டும் மெயில் வந்தது. என்ன தீர்ந்தது? 38,000 ரூபாய் விற்றவன் கணக்குக்குப் போய்விட்டது, அவ்வளவுதான் தீர்ந்தது.

புகார் கொடுக்கப் போன இடத்தில் ஒருவர் புத்தகத்தை இப்படியும் அப்படியும் புரட்டிவிட்டு, “பைபிள் கேட்டீங்க, பைபிள்தானே சார் வந்திருக்கு?” என்றார். சபையில்கூட ஒரு பெரியவர், “எல்லாத்துலயும் அதே வசனம்தானே தம்பி, எதுக்கு இத்தனை?” என்று கேட்டார். இந்த நினைப்புதான் ஏமாற்றுகிறவனுக்குப் பலம். ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு கதை உண்டு. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்கு ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தமிழ் எழுத்து வார்ப்பித்து வரவழைத்தார். அந்த எழுத்து பெரிதாக இருந்து தாளைத் தின்றதால் இங்கேயே சின்ன எழுத்து வார்த்து 1715இல் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள். பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் வந்து 1719இல் அவர் இறந்துபோனார், அவருக்குப் பின் வந்த மிஷனரி ஷுல்ட்சே மீதியை முடித்தார். 1761இல் புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்தபோது கைப்பற்றிய அச்சுப்பொறிதான் சென்னை வேப்பேரிக்கு வந்தது, பப்ரிசியஸின் புதிய ஏற்பாடு 1772இல் வேப்பேரியில் அச்சானது. தமிழ் எழுத்து எப்படி வார்க்கப்பட்டது, எப்படிச் சின்னதானது, உரைநடை எப்படி மாறியது என்று ஒரு பதிப்புக்கும் அடுத்த பதிப்புக்கும் இடையில் கை வைத்துப் பார்க்கலாம். வசனம் ஒன்றுதான், புத்தகம் ஒன்றில்லை. ஒன்றுதான் என்றால் அவன் ஏன் 1871 என்று அச்சடித்து ஒட்ட வேண்டும்?

வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். வீடியோ காலில் காட்டுவது போதாது, பெட்டிக்குள் வைத்து ஒட்டுவது வரை காட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால் விடுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது முழுசாக வீடியோ எடுங்கள். விளம்பரத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அவர்கள் மாற்றிவிடுவார்கள். முகப்பை மட்டும் பார்க்காமல் நடுவில் நாலு இடம் திறந்து றா, னா, ணை, லை பழைய வடிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தாளைச் சாய்த்துப் பாருங்கள், எழுத்து மினுமினுத்தால் அது பழைய அச்சு இல்லை. ஜெபத்தை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்.

ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடியுங்கள், தாமதித்தால் பணம் கணக்கு மாறிவிடும். நுகர்வோர் உதவிக்கு 1915. ஆன்லைன் வியாபாரத்துக்கான 2020 விதிகளின்படி தளத்தில் குறைதீர்ப்பு அலுவலர் இருக்க வேண்டும், 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று சொல்லியாக வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ‘ரிட்டர்ன் கிடையாது’ என்று அவர்கள் எழுதி வைத்தால் போலிப் பொருள் அசலாகிவிடாது. நுகர்வோர் ஆணையத்தில் நாம் இருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. நான் போடப்போகிறேன். அந்த முகப்புத் தாள், பஞ்சு, ஸ்கிரீன்ஷாட் எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு நண்பர் ஒரு லிங்க் அனுப்பினார். அதே தளம், வேறு பெயர். ‘ஆறுமுக நாவலர் உதவியுடன் பெர்சிவல் மொழிபெயர்த்த பைபிள், 1850, ஒரே பிரதி.’ கீழே அதே பூப்போட்ட மேசை விரிப்பு. விலை 55,000 போட்டிருக்கிறான். யாரும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறவர்கள் இருந்தால் உடனே எனக்குச் செய்தி அனுப்புங்கள், என்னிடம் இருக்கிற படங்களை எல்லாம் தருகிறேன்.