பல்லுக்குக் கம்பி: பெரியாஸ்பத்திரியா, சனலா, கண்டிக்கே போறதா?

புள்ளைக்குப் பல்லு மிதந்து நிக்குது, எங்க காட்டுற எண்டு கேக்கிறவங்கள்ல பாதிப்பேர் எந்தக் கம்பி, எவ்வளவு காசு எண்டுதான் முதல்ல கேக்கிறாங்க. இது ஒருநாள்ல முடியிற வேலை இல்லகா, ஒண்டரை ரெண்டு வருசம் இழுக்கும், நாலுல இருந்து எட்டுக் கிழமைக்குள்ள ஒருக்கா போய் இறுக்கோணும், அதால மாசாமாசம் ஆரு பாக்கப்போற எண்டு பாத்துத்தான் நான் எடை போடுற.

பெரியாஸ்பத்திரி எண்டா அரசாங்க ஆஸ்பத்திரி, அங்க காசு இல்ல, லைன்தான் இரிக்கு. நல்லா மிதந்த பல்லு, தாடை பின்னுக்கு நிக்கிறது, முரசுக்குள்ளயே மாட்டுப்பட்ட பல்லு, இதுகளுக்குத்தான் முதலிடம். ஒள்ளுப்பம் கோணினதுக்கு காத்திருக்கச் சொல்லுவாங்க, அது நியாயம்தான். அதால ஏழு எட்டு வயசுலயே ஸ்கூல் டென்டல் கிளினிக்கில காட்டி கடிதம் எடுங்க. தாடை வளர்ற பத்து பன்னெண்டு வயசுல கழட்டிப் போடுற பிளேட்டாலயே கீழ்த்தாடைய முன்னுக்குக் கொண்டு வரப் பாக்கலாம், ஏ.எல். முடியட்டும் எண்டு விட்டா சில பேருக்கு ஒப்பரேசன் வரைக்கும் போகும்.

பின்னேரத்துல சனல் பண்ணி, அதாவது தனியார்ல காசு கட்டி நம்பர் எடுத்துக் காட்டுற ஸ்பெசலிஸ்ட்டும் கனபேர் அதே ஆஸ்பத்திரி ஆக்கள்தான். லைன் இல்ல, காசு கூட. இதுல ஆரும் யோசிக்காத விசயம் டொக்டருக்கு வாற டிரான்ஸ்பர். ஆஸ்பத்திரில டொக்டர் மாறினாலும் உங்கட பைல் அங்கதான் கிடக்கும், தனியார்ல பாதிக் கம்பியோட நீங்கதான் ஆள் தேடோணும், கேட்டுட்டுத் தொடங்குங்க.

தெருமுனை பல் டொக்டர் மலிவு, வீட்டுக்கிட்ட. சொத்தைக்கு, பல்லுப் புடுங்க அவர் போதும், ஆனா ஓதொடொன்டிஸ்ட் எண்டா பல் வைத்தியப் பட்டத்துக்குப் பிறகு இந்தப் பல்லு நேராக்கிற வேலைக்கெண்டே எம்.டி. படிச்சவர். கம்பி தள்ளுற பக்கம் எலும்பு கரையோணும், மற்றப் பக்கம் புதுசா வளரோணும், மாசத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுலதான் பல்லு நகரும், அவசரப்பட்டு கூட இழுத்தா வேர் கட்டையாகிற ஆபத்து இரிக்கு. எக்ஸ்ரேயும் எடுக்காம பல்லு அச்சும் எடுக்காம இண்டைக்கே ஒட்டுறன் எண்டு ஆரும் சொன்னா எழும்பி வந்துடுங்க, அதுக்கு மேல அங்க கதை இல்ல.

கண்டிப் பக்கம் போறதெண்டா பேராதெனிய பல் வைத்திய பீட ஆஸ்பத்திரி இரிக்கு. மேலண்ணப் பிளவு, தாடை ஒப்பரேசன் மாதிரிக் கேஸுக்கு அலைச்சல் பாக்காம போகலாம், பெரிய டொக்டர்மார் எல்லாரும் ஒரே இடத்துல. சும்மா முன்பல்லு நெருக்கத்துக்கு வேணாம். கச்சான் கடிச்சு, பல்லுல ஒட்டி கம்பியப் புடிக்கிற பிறக்கற் ஒண்டு கழண்டா அதுக்கும் கண்டிக்குப் போக மஹியங்கன பஸ்ஸேறப் போறீங்களா?

கண்ணாடி மாதிரித் தெரியாத, கழட்டிப் போடுற அலைனர் உறை வேலைக்குப் போற பெரிய ஆக்களுக்குச் சரி, சின்னக் கோணலுக்கு. ஒருநாளைக்கு 20–22 மணித்தியாலம் போட்டாத்தான் வேலை செய்யும், ஸ்கூல் பெடியன் கழட்டி பொக்கெட்டுல வெச்சிட்டு கிரிக்கெட் அடிச்சா அவ்வளவுதான்.

என்ட வோட்டு: புள்ள சின்னனெண்டா பெரியாஸ்பத்திரி, 15 தாண்டி அவசரமெண்டா ஊருக்குள்ளயே சனல். காசு பேசக்குள்ள பல்லை அந்த இடத்துலயே புடிச்சு வெக்கிற ரிட்டெய்னரும் அதுக்குள்ள அடக்கமா எண்டு கேளுங்க, கம்பி கழட்டினதோட அதப் போடாட்டி பல்லு பழைய இடத்துக்கே திரும்பும்.