மாமியாரிடம் காட்ட ஓர் அரசாங்கச் சாக்கு

பிரிட்டன் அரசு 2012இல் வெளியிட்ட, பெண்ணுறுப்புச் சிதைப்புக்கு, அதாவது சிறுமிகளின் பிறப்புறுப்பை வெட்டும் வழக்கத்துக்கு, எதிரான அறிக்கை இது. இலவசம். மடித்தால் பாஸ்போர்ட்டுக்குள் அடங்கிவிடும். லண்டனில் மகப்பேற்றுத் தாதியான நான், கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் சோமாலியத் தாய்மாருக்குத் தவறாமல் கொடுத்துவிடுவேன். பிரிட்டன் சட்டப்படி வெட்டுபவருக்கு 14 ஆண்டு வரை சிறை, மகளைக் காக்கத் தவறியவருக்கு 7 ஆண்டு வரை. வெளிநாட்டில் செய்தாலும் குற்றமே. "நான் என்ன செய்யட்டும் அம்மா, திரும்பிப் போனால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள்" என்று பழியைச் சட்டத்தின் தலையில் கட்ட, மருமகளுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடையாது. உடல்நலத்தைக் கெடுக்கும் மரபுகளை ஒழிக்கவேண்டும் என்று ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு அரசுகள்மேல் சுமத்திய கடமை கைப்பைக்குள் வந்திருக்கிறது, பரவாயில்லை. ஐந்துக்கு நான்கு தரலாம். தாயே மகளுக்கு வெட்டிவிடத் துணிந்துவிட்டால் காகிதம் என்ன செய்யும்? அதற்கு 2015இல் வந்த நீதிமன்றப் பாதுகாப்பு ஆணைதான் வழி. மகளை நாட்டைவிட்டுக் கொண்டுபோகவே தடை போடலாம்.