அம்மாவின் கண்புரையும் ஷார்ஜா லீவும்

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளையடிப்பது, பட்டாவில் பெயர் மாற்றுவது, பெரியவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது எல்லாமே “மோன் லீவுக்கு வரட்டும்” என்று தள்ளிப்போகும். கருங்கலில் இருக்கும் என் அம்மாவின் கண்ணும் அந்தக் கணக்கில்தான் கிடந்தது. குளச்சல் மாமாவின் கண்ணும் அப்படியே. அம்மாவுடையது காத்திருக்கக்கூடிய நோய். மாமாவுடையது அப்படியல்ல என்பது நாகர்கோவிலில் கண் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது.

அம்மாவுக்குக் கண்புரை. “எல்லாம் புகை போட்ட மாதிரி இருக்கு மக்கா, எதிர வாற வண்டி வெளிச்சம் சிதறுது” என்றாள். புரை மெதுவாக வளரும். அன்றாட வேலைக்கு இடைஞ்சலாகும்போது எடுத்தால் போதும், சில மாதம் முன்பின் ஆனாலும் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் முற்ற விட்டால் அறுவை கடினமாகும், சிலருக்குக் கண் அழுத்தமும் ஏறும்.

ஆஸ்பத்திரியில் முதலில் எழுத்துப் பலகை, பிறகு கண் அழுத்தம், அதற்கப்புறம் கருமணியை விரிக்கும் சொட்டு மருந்து. அது விரிய அரை மணி நேரம் போல ஆகும், பார்வை தெளிய இன்னும் சில மணி நேரம். கூட ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள் இருந்தால்தான் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பார்கள்.

அடுத்தது, புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸுக்கான கவுண்ட்டர். மகன் ஷார்ஜாவில் என்று தெரிந்ததும் அங்கிருந்த பெண்ணின் விரல் நேராக விலை கூடின வரிசைக்குப் போனது. தூரத்துக்கு மட்டும் தெளிவு தரும் சாதாரண மடக்கு லென்ஸ் வைத்தால் வாசிக்க மட்டும் கண்ணாடி வேண்டும், அவ்வளவுதான். பல தூரத்துக்குமான லென்ஸில் கண்ணாடித் தேவை குறையும், ஆனால் இரவில் விளக்கைச் சுற்றி வட்டம் தெரிவதாகச் சிலர் சொல்வார்கள். அம்மா ஜெபப் புத்தகத்தைக் கண்ணாடி போட்டே வாசித்துப் பழகினவள். சாதாரண லென்ஸே போதும் என்றோம். மதுரை ஆரோலேப் நிறுவனம் 1992 முதல் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்களைக் குறைந்த விலையில் செய்துவருகிறது. விலை குறைவென்றால் மட்டம் என்று நினைக்க வேண்டியதில்லை. அரசு ஆஸ்பத்திரிகளில் லென்ஸோடு சேர்த்து அறுவையே இலவசம்.

ஆபரேஷன் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டோம். மறுநாள் பரிசோதனை, பிறகு சில வாரம் சொட்டு மருந்து, அதன் பிறகே கண்ணாடி அளவு. ஆகவே லீவில் போகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஆபரேஷனை முடித்துவிடுவது நல்லது. ஆபரேஷன் ஆன கண்ணில் வலியும் சிவப்பும் கூடி, பார்வையும் குறைந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை இருக்கக்கூடாது, அன்றே போக வேண்டும்.

மாமா கடலில் தொழில் செய்தவர். வெயிலும் காற்றும் உப்பும் பட்ட கண்ணில் மூக்கோரமாகச் சதை வளர்ந்திருந்தது. கடற்கரை ஊர்களில் இது சாதாரணம். சிவப்பு குறைய ஒரு சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் சீட்டைக் கேட்டார்.

“எப்பமோ ஒரு டாக்டர் எழுதினாவ. அதையே மெடிக்கல்ல வாங்கிப் போடுறேன்.”

அது ஸ்டீராய்டு கலந்த மருந்து. மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தத்தை ஏற்றும், புரையையும் வரவழைக்கும். அழுத்தம் பொதுவாக மி.மீ. பாதரச அளவில் 10-இலிருந்து 21-க்குள் இருக்கும். மாமாவுக்கு அதைத் தாண்டி, கண் நரம்பும் தேய்ந்திருந்தது. இந்த அழுத்த நோயில் பெரும்பாலும் வலி இருக்காது, ஓரப் பார்வைதான் முதலில் போகும். போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றத்தான் மருந்து. மருந்தால் வந்தது எவ்வளவு, உடல்வாகால் வந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது, கூடப் பிறந்தவர்களும் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளட்டும் என்றார் டாக்டர். 40 தாண்டிய நானும் வரிசையில் நின்றேன்.

மார்த்தாண்டத்தில் கண்ணாடிக் கடைக்குக் கடை ‘கம்ப்யூட்டர் பரிசோதனை’ போர்டு தொங்குகிறது. அது கண்ணாடி அளவு சொல்லும், நரம்பையும் விழித்திரையையும் பார்க்காது. சர்க்கரை உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருடம் ஒருமுறை சொட்டு விட்டு விழித்திரையைக் காட்ட வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் கண் பிரிவு உண்டு. பெரிய சிகிச்சை என்றால் தோவாளைப் பக்கத்து ஆட்கள் திருநெல்வேலி அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், களியக்காவிளைப் பக்கத்தவர்கள் திருவனந்தபுரத்துக்கு.

அன்றைக்கே வண்டி பிடிக்க வேண்டிய சில உண்டு. திடீரென்று ஒரு கண் மங்குவது. கண்வலியோடு தலைவலியும் வாந்தியும் வந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிவது. இதைப் பித்தம் என்று சொல்லி இஞ்சிச் சாறு கொடுத்துப் படுக்கவைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. தென்னோலையோ நெல் தாளோ குத்திய கண்ணில் பூஞ்சைப் புண் வரலாம், அதில் தாய்ப்பாலும் விடக்கூடாது, மிச்சம் கிடக்கிற சொட்டு மருந்தும் விடக்கூடாது. வெற்றிலைச் சுண்ணாம்பு பட்டால் மட்டும் முதலில் வீட்டிலேயே குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு ஓடவேண்டும்.

பெஞ்சில் பக்கத்தில் சவூதியின் தம்மாமில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் தலையைக் குனிந்தபடியே இருந்தார். அங்கே இருக்கும்போதே கண்ணில் மின்னல் வெட்டி, கரும்புள்ளிகள் பறந்திருக்கின்றன. லீவுக்கு ஊரில் காட்டலாம் என்று இருந்துவிட்டார். வந்து சேர்வதற்குள் கீழிருந்து திரை ஏறுவதுபோல் நிழல் விழுந்துவிட்டது. விழித்திரை பிரிந்திருந்தது. அறுவை செய்து கண்ணுக்குள் வாயு நிரப்பியிருக்கிறார்கள். அது கரையும்வரை விமானத்தில் ஏறக்கூடாது, உயரத்தில் வாயு விரிந்து கண் அழுத்தம் எகிறிவிடும். டிக்கெட்டைத் தள்ளிப் போட்டாயிற்று, கம்பெனிக்கு அனுப்ப டாக்டர் சர்டிபிகேட் வாங்கத்தான் அன்றைக்கு வந்திருந்தார்.