பொய்கை கிட்ட ஆக்ஸிடெண்ட், கார் கைக்கு வர 24 நாள்: இன்சூரன்ஸ் கிளெய்ம் அனுபவம்

கம்பெனி பேரு போடல, பிரைவேட் கம்பெனி, ஆன்லைன்ல எடுத்த பாலிசி. ஜீரோ டெப் (பார்ட்ஸ் விலைல தேய்மானம் கழிக்காம தர்றது) இருக்கு, கன்ஸ்யூமபிள்ஸ் (கூலண்ட், நட்டு போல்ட் மாதிரி சில்லறை சாமான்) ஆட்-ஆன் எடுக்கல. வண்டி பெட்ரோல் ஹேட்ச்பேக், மூணரை வருஷம் ஆச்சு, டிஎன் 23 ரெஜிஸ்ட்ரேஷன். இதுவரைக்கும் ஒரு கிளெய்ம் கூட போட்டதில்ல, இதுதான் மொதல்.

ஆம்பூர்ல பெரியம்மா வீட்டுக்கு போயிட்டு செவ்வாய்க்கிழமை காலைல அம்மாவோட வேலூர் திரும்பிட்டிருந்தேன். செவ்வாய்க்கிழமைனா பொய்கைல மாட்டுச்சந்தை, என்.எச். 48ல அந்த இடத்துல மாடு ஏத்தின வண்டிங்க சடன்னா ஓரங்கட்டும், திரும்பும், இந்தப் பக்கம் ஓட்டறவங்களுக்கு தெரியும். முன்னாடி மாடு ஏத்திட்டு போன மினி லாரிக்காரன் டக்குனு ஸ்லோ பண்ணான், நானும் பிரேக் அடிச்சேன், நின்னுடுச்சு, ஆனா பின்னாடி வந்த டாடா ஏஸ் நிக்கல. அவன் இடிச்ச இடில என் கார் முன்னாடி தள்ளிப்போய் மினி லாரி பின்பக்கத்துல மோதிடுச்சு. முன்னாடியும் அடி பின்னாடியும் அடி. அம்மா பின்சீட்ல இருந்தாங்க, தோள்ல அடி, வேற ஒண்ணும் இல்ல, அந்த நிமிஷம் கை நடுங்கினது இன்னும் நெனப்பு இருக்கு.

வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடியே மூணு வண்டியும் ஒண்ணா தெரியற மாதிரி போட்டோ எடுத்தேன், நம்பர் பிளேட்டோட. அப்புறம் நேஷனல் ஹைவே ஹெல்ப்லைன் 1033க்கு போன் பண்ணேன், ஹைவே ரோந்து வண்டி வந்து கோன் வெச்சு டிராபிக்க ஒதுக்கி விட்டாங்க. நல்ல சர்வீஸ், இது நிறைய பேருக்கு தெரியறதில்ல.

இன்சூரன்ஸ் கம்பெனி டோல்-ஃப்ரீக்கு ரெண்டு நிமிஷத்துல லைன் கெடச்சுது, அந்தப் பொண்ணு மொதல்ல கேட்டது "யாருக்காவது அடியா சார்"னு தான், அது நல்லா இருந்துச்சு. கிளெய்ம் நம்பர் எஸ்எம்எஸ்ல வந்துடுச்சு. ஆனா போலீஸ்ல சொல்லணுமானு கேட்டதுக்கு "ஓன் டேமேஜ் தானே சார், எஃப்.ஐ.ஆர். தேவையில்ல"னு சொல்லிட்டாங்க (ஓன் டேமேஜ்னா நம்ம வண்டிக்கு ஆன சேதம்). எஃப்.ஐ.ஆர். எல்லா கேஸுக்கும் வேணும்னு நானும் சொல்லல. ஆனா ஆளுக்கு அடி பட்டிருந்தா, இல்ல அடுத்தவங்க வண்டிக்கு சேதம்னா, மோட்டார் வாகனச் சட்டம் 134வது பிரிவு படி டிரைவர் 24 மணி நேரத்துக்குள்ள ஸ்டேஷன்ல சொல்லியே ஆகணும், இன்சூரன்ஸுக்கும் எழுத்துல தெரிவிக்கணும். அம்மாவுக்கு அடினு சொன்ன பிறகும் போலீஸ் வேணாம்னு சொன்னது தப்பு. ஒரு ஸ்டார் அங்கயே போச்சு.

ஏஸ் ஓட்டின பையனுக்கு இருபது, இருபத்திரண்டு வயசு இருக்கும். "அண்ணா போலீஸ்லாம் வேணாம்ணா, ஓனர் வேலைய விட்டு தூக்கிடுவாரு, 5000 தரேன்ணா, எழுதி குடுத்துடுங்க"னு கைய புடிச்சுட்டு நிக்கிறான். மனசு கேக்கல. அம்மாவே "போவட்டும் விடுடா"னாங்க. அப்பதான் மாமாவுக்கு போன் போட்டேன், அவரு ராணிப்பேட்டைல ரொம்ப வருஷம் லாரி வெச்சிருந்தவரு. "காசு வாங்காத, எதுலயும் கையெழுத்து போடாத, அக்காவ ஆஸ்பத்திரில காட்டிட்டு நேரா ஸ்டேஷனுக்கு போ"னு மூணே வார்த்தைல முடிச்சாரு. காம்ப்ரமைஸ்னு எழுதி குடுத்துட்டா, இடிச்சவங்ககிட்ட இருந்து பணம் வசூலிக்கற உரிமைய நீயே விட்டுட்டனு சொல்லி நம்ம கம்பெனி கிளெய்ம்ல கைய வெப்பாங்க, அதான் காரணம்.

அம்மாவ அடுக்கம்பாறை ஜிஎச்ல காட்டினோம், எக்ஸ்ரே எடுத்தாங்க, எலும்பு முறிவு இல்ல, ஆக்ஸிடெண்ட் ரிஜிஸ்டர்ல என்ட்ரி போட்டாங்க. ரோடு ஆக்ஸிடெண்டுக்கு மொத 48 மணி நேரம் ஃப்ரீயா பாக்கற இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பர்ல இருந்து இருக்கு, லிஸ்ட்ல இருக்கற பிரைவேட் ஆஸ்பத்திரிலயும் செல்லும்.

ஸ்டேஷன்ல நடந்தத கொஞ்சம் விவரமா சொல்லணும், என் கிளெய்ம் பொழச்சதே அங்கதான். நான் புகார்ல "என் கார் விபத்துக்குள்ளாகி முன்பக்கமும் பின்பக்கமும் சேதம்"னு ஒரே வரில எழுதி நீட்டினேன். ரைட்டர் படிச்சு பாத்துட்டு பேப்பர திருப்பி என் பக்கமே தள்ளினாரு. "எது மொதல்ல தம்பி? பின்னாடி இடிச்சானா, நீ முன்னாடி போய் இடிச்சியா? அத எழுது. நீ நின்னுட்டியா, நின்ன பிறகு இடிச்சானா, அதையும் எழுது"னாரு. மறுபடி வேற பேப்பர்ல எழுதினேன்: நின்றுகொண்டிருந்தபோது பின்னால் வந்த வாகனம் மோதியதால் என் கார் தள்ளப்பட்டு முன்னால் இருந்த வாகனத்தில் மோதியதுனு. சிஎஸ்ஆர் ரசீது (புகார் வாங்கினதுக்கு ஸ்டேஷன்ல தர்ற அத்தாட்சி) கைல குடுத்தாரு, டீ கூட வாங்கி தந்தாரு.

அடுத்த நாளே ஒர்க்‌ஷாப்புக்கு சேதத்த மதிப்பிடற சர்வேயர் வந்தாரு. பிரிக்கறதுக்கு முன்னாடி அவரு பாக்கணும், ஒர்க்‌ஷாப்ல அவசரப்பட்டு கழட்டினா ஒத்துக்காதீங்க. பொறுமையான மனுஷன். டிக்கி மேட்ட தூக்கி ஸ்டெப்னி வெக்கற குழிய காட்டினாரு, அந்த தகரம் மடிச்ச நியூஸ்பேப்பர் மாதிரி சுருங்கி இருந்துச்சு, வெளிய இருந்து பாத்தா பம்பர் மட்டும் தான் போயிருக்குனு நெனச்சிருப்போம். பானெட்ட டிங்கரிங் பண்ணா போதும்னாரு, டிக்கி கதவ மாத்தியே ஆகணும்னாரு. எனக்கு பானெட்டும் புதுசு வேணும்னு ஆசை, ஆனா அவரு சொன்னதுதான் நியாயம், இப்ப பாத்தா அடிபட்ட எடமே தெரியல.

இதுக்கப்புறம் தான் கம்பெனி படுத்துச்சு. முன்னாடி அடி ஒரு ஆக்ஸிடெண்ட், பின்னாடி அடி இன்னொரு ஆக்ஸிடெண்ட், அதனால ரெண்டு கிளெய்மா போடுங்கனு மெயில். கேக்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ரெண்டு கிளெய்ம்னா கட்டாய டிடக்டிபிள், அதாவது ஒவ்வொரு கிளெய்முக்கும் நாம கட்டற பங்கு, 1000 ரெண்டு தடவ (1500 சிசி வரைக்கும் 1000, அதுக்கு மேல 2000), அது போனா போவுது, ஆனா என் பாலிசில ஜீரோ டெப் வருஷத்துக்கு 2 கிளெய்ம் தான், ரெண்டும் ஒரே நாள்ல காலி. அப்புறம் வருஷம் முடியறதுக்குள்ள எதாவது ஆனா பிளாஸ்டிக், ரப்பர் பார்ட்ஸ்ல பாதி நம்ம கைக்காசு, என் வண்டி வயசுக்கு மெட்டல்ல 25 சதவீதம்.

ஒன்பது நாள் இழுத்தாங்க. டெய்லி போன், டெய்லி வேற வேற ஆளு, மொதல்ல இருந்து கதைய சொல்லணும். கடைசில சிஎஸ்ஆர் ரசீது, புகார் காப்பி, மூணு வண்டியும் இருக்கற போட்டோ எல்லாத்தையும் சேத்து அவங்க குறைதீர்ப்பு மெயிலுக்கு அனுப்பினேன், இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் ஐஆர்டிஏஐயோட பீமா பரோசா சைட்லயும் கம்ப்ளெயிண்ட் போட்டேன் (155255க்கு போன் பண்ணியும் சொல்லலாம்). சர்வே ரிப்போர்ட் வந்த 7 நாள்ல முடிவு சொல்லணும்னு ஐஆர்டிஏஐ 2024 ஜூன் சுற்றறிக்கைல இருக்கு, அதையும் குறிப்பிட்டேன். மூணாவது நாள் ஒரே கிளெய்மா அப்ரூவல் வந்துடுச்சு. சர்வேயரும் ரிப்போர்ட்ல ஒரே சம்பவம்னு தான் எழுதியிருந்தாரு, அத யாருமே படிக்கலனு அப்புறம் தான் தெரிஞ்சுது. கோவம் அங்கதான் வந்துச்சு.

பில் 1,12,600. நான் கட்டினது 5,140: டிடக்டிபிள் 1,000, கூலண்ட், கிளிப், நட்டு போல்ட்டுனு கன்ஸ்யூமபிள்ஸ் 3,140, ரெக்கவரி வண்டி 2,500ல பாலிசி தர்றது 1,500 தான், மீதி 1,000. மிச்சம் எல்லாம் கேஷ்லெஸ். பணத்துல குறை சொல்ல மாட்டேன். என்சிபி (கிளெய்ம் போடாததுக்கு பிரீமியத்துல தர்ற தள்ளுபடி) 35 சதவீதம் வாங்கிட்டிருந்தேன், ரெனியூவல்ல 45 வரவேண்டியது, அது சைபர் ஆயிடுச்சு, தப்பே பண்ணாத நமக்கு அது வலிக்கத்தான் செய்யுது.

கம்பெனிக்கு 5க்கு 3. சர்வேயருக்கு தனியா குடுக்க முடிஞ்சா 5. ரெனியூவலுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, கன்ஸ்யூமபிள்ஸ் சேத்து வேற ரெண்டு எடத்துல கொட்டேஷன் கேட்டிருக்கேன். போன வாரம் அந்த ஸ்டேஷன் பக்கம் போனப்ப உள்ள போய் ரைட்டருக்கு நன்றி சொல்லிட்டு வந்தேன், அவருக்கு என்ன ஞாபகம் இல்ல, "அம்மா தோள் சரியாச்சா"னு மட்டும் ஃபைல பாத்துட்டு கேட்டாரு.