முப்பது நாள் லீவில் ஒரு கேமிங் சிஸ்டம்: நாகர்கோவில், மார்த்தாண்டம் கடை நிலவரம்

லீவில் வந்து பிள்ளைகளின் பழைய கேமிங் சிஸ்டத்தை மாற்றிக் கொடுக்க நினைப்பவர்கள் அந்த வேலையை முதல் வாரத்திலேயே தொடங்கிவிட வேண்டும். புதுப் பாகத்தில் கோளாறு இருந்தால் பெரும்பாலும் முதல் சில வாரங்களில் தலைகாட்டிவிடும். அப்போது நீங்கள் ஊரில் இருந்தால் பில்லோடு கடைக்குப் போய் நிற்கலாம். ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் முந்தின நாள் அசெம்பிள் செய்து வாங்கினால், அதன்பிறகு வரும் ஒவ்வொரு கோளாறையும் வீட்டிலுள்ள அம்மாவோ அப்பாவோ கடைக்காரரிடம் போனில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்கு நாகர்கோவிலும் மார்த்தாண்டமும்தான். தக்கலை, கருங்கல், குளச்சல் கடைகளில் பிரிண்டர், லேப்டாப், சிசிடிவி வியாபாரமே அதிகம். நாகர்கோவிலிலும், கேமின் படத்தை ஓட்டும் நல்ல கிராபிக்ஸ் கார்டைக் கையிருப்பில் வைத்திருக்கும் கடைகள் குறைவு. முன்பணம் வாங்கிக்கொண்டு வெளியூர் டீலரிடமிருந்து வரவழைத்துத் தருவார்கள். அதற்கு இரண்டு மூன்று வேலைநாள் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் திறக்காது. டிசம்பரில் வருபவர்கள் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கான 3ஆம் தேதி உள்ளூர் விடுமுறையையும் கிறிஸ்துமஸ் வாரத்தையும் கழித்துவிட்டுக் கணக்குப் போட வேண்டும். அந்த மாதம் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். அசெம்பிள் செய்யும் பையனுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

கடைக்குப் போகும் முன் பழைய பெட்டியைப் பாருங்கள். முழுதாக மாற்றத் தேவையில்லாத வீடுகளும் உண்டு. பிள்ளை வழக்கமாக ஆடும் கேமை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் விஷயம் தெரிந்துவிடும். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதென்றால் பழைய ஹார்டு டிஸ்க்தான் இழுக்கிறது. அதற்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்று போட்டால் போதும். மெமரி நிரம்பி வழிந்தால் ராம் போதவில்லை. கிராபிக்ஸ் கார்டு 95க்கு மேல் நிற்க, பிராசசர் சும்மா இருந்தால் கார்டை மட்டும் மாற்றலாம். பிராசசர் 100ஐத் தொட்டு கார்டு பாதியில் நின்றால்தான் மதர்போர்டோடு சேர்த்து மாற்ற வேண்டிய கட்டம்.

இன்டெல் 7ஆம் தலைமுறை, அதற்கும் முந்தியது என்றால் யோசிக்காமல் போர்டோடு மாற்றிவிடுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது 8ஆம் தலைமுறை இன்டெல், ஏஎம்டியின் ரைசன் 2000 வரிசை தொடங்கித்தான். அதிலும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். வலோரன்ட் போன்ற கேம்கள் விண்டோஸ் 11இல் டிபிஎம்மும், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பும் இல்லாமல் திறக்கவே திறக்காது. ஊர் வீடுகளில் இன்னும் நிறைய ஓடும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போன்ற கார்டுகளுக்கும் 2025 அக்டோபரோடு என்விடியாவின் கேம் டிரைவர்கள் நின்றுவிட்டன. இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான்.

வெளிநாட்டிலிருந்தே வாங்கி வந்துவிடலாமா என்றால், பாகத்தைப் பொறுத்தது. 18 வயது நிறைந்த பயணிக்கு ஒரு லேப்டாப் வரியில்லாமல் வரும். டெஸ்க்டாப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. பொதுவான பொருள் வரம்புக்குள்தான் வரும். கிராபிக்ஸ் கார்டு அங்கே மலிவாகத் தெரிந்தாலும், பல கம்பெனிகள் வாங்கிய நாட்டில் மட்டுமே வாரண்டி தருகின்றன. கெட்டுப்போனால் திரும்ப யாராவது கையில் கொடுத்தனுப்ப வேண்டும். எஸ்எஸ்டி சிறியது, எளிதில் கெடாதது, அதைக் கொண்டுவரலாம். வளைகுடாவில் கேமிங் லேப்டாப் எடுப்பவர்கள் கீபோர்டில் அரபி எழுத்தும் இருக்கும் என்பதையும், அந்த மாடலுக்கு இந்தியாவில் வாரண்டி செல்லுமா என்பதையும் வாங்கும்முன் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கத்திய தடித்த மூன்றுமுனை பிளக்கை இங்கே அடாப்டர் வைத்து ஓட்டாமல், பவர் கார்டையே மாற்றிவிடுங்கள். கடையில் அது சில்லறைக் காசு.

இனி பாகங்கள். 2025 கடைசியிலிருந்து ராம் விலை கிடுகிடுவென்று ஏறிவிட்டது. ஏஐ சர்வர்களுக்கே மெமரி போய்க்கொண்டிருக்கிறது. குடும்ப பட்ஜெட்டில் எல்லாக் கணக்கையும் புரட்டிப் போட்டது இதுதான். பழைய சிஸ்டத்தில் டிடிஆர்4 ராம் இருந்தால் அதைக் கழற்றிப் புதுப் போர்டில் போடும் வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஐ5-12400 பிராசசர், டிடிஆர்4 எடுக்கும் பி660 அல்லது எச்610 போர்டு என்ற சேர்க்கை இதற்குத் தோதானது. போர்டின் பெயரில் டி4 அல்லது டிடிஆர்4 என்று இருக்கிறதா பாருங்கள். அதே சிப்செட்டில் டிடிஆர்5 போர்டும் உண்டு. ஒன்றின் ராம் மற்றதில் ஏறாது. டிடிஆர்3 ராம் என்றால் இந்தக் கணக்கில் உதவாது.

12400எஃப் கொஞ்சம் மலிவு என்று கடைக்காரர் தள்ளுவார். எஃப் என்றால் உள்ளே டிஸ்பிளே கிடையாது. சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவருக்கு அது பெரிய விஷயமில்லை. நம் மாவட்டத்தில் கார்டு வாரண்டிக்குப் போனால் வெளியூர் சர்வீஸ் சென்டருக்கு கூரியரில் போய்த் திரும்பும்வரை சில வாரங்கள் சிஸ்டம் இருட்டில் கிடக்கும். எஃப் இல்லாத 12400 என்றால் கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டரைப் போர்டில் செருகிப் பாடமாவது படிக்கலாம். பலரும் புகழும் ரைசன் 5 5600க்கும் இதே குறை. ரைசன் 5 7600இல் உள்டிஸ்பிளே உண்டு, ஆனால் அது டிடிஆர்5 கேட்கும்.

மொத்தப் பணத்தில் ஐந்தில் இரண்டு பங்கு கிராபிக்ஸ் கார்டுக்கு என்று ஒதுக்குங்கள். ஃபுல் எச்டி மானிட்டருக்கு 8 ஜிபி மெமரி உள்ள ஆர்டிஎக்ஸ் 5060 அல்லது ஆர்எக்ஸ் 7600 தாராளம். ராமைப் புதிதாக வாங்குவதென்றால் ஒரே 16 ஜிபியாக இல்லாமல் இரண்டு 8 ஜிபியாக எடுங்கள். இரண்டு சேனலில் ஓடும்போதுதான் முழு வேகம். பாகங்களுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் கஞ்சத்தனம் கூடாது. கேபினெட்டோடு இலவசமாக வரும் ‘450 வாட்’ டப்பாவில் அந்த வாட் ஸ்டிக்கரில் மட்டும்தான் இருக்கும். மின்சிக்கனத்துக்கான 80 பிளஸ் பிராண்ஸ் முத்திரையுள்ள 550 வாட் போதும். அதற்கு மேல் 750 வாட் எடுப்பது இந்த சிஸ்டத்துக்குத் தண்டச் செலவு.

கொட்டேஷன் கேட்கும்போது ‘பி660 போர்டு, 16 ஜிபி, 5060’ என்று சொன்னால் மூன்று கடை, மூன்று விலை, மூன்று விதமான பொருள். கம்பெனிப் பெயர், மாடல் எண், வாரண்டி வருடம் என்று வரிக்கு வரி எழுதிக் கேளுங்கள். ‘பில் வேண்டாம்னா 18 சதவீதம் குறையும்’ என்ற பேச்சு எழும். ஜிஎஸ்டி இல்லாமல் எடுத்தவர்கள் வாரண்டிக்குப் போகும்போது கடைக்காரரின் தயவில் நிற்க வேண்டும். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் ஏற வேண்டும். பில்லை ஊரில் இருக்கப்போகிறவர் பெயரிலும் அவருடைய நம்பரிலும் போடுங்கள். வாரண்டி பதிவுக்கான ஓடிபி துபாய் நம்பருக்குப் போய் என்ன பயன்? பணம் கட்ட, அமீரகம், சவுதி, கத்தார், ஓமன், சிங்கப்பூர் உள்ளிட்ட சில நாட்டு எண்களை, வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான என்ஆர்இ வங்கிக் கணக்கோடு இணைத்து யுபிஐ பயன்படுத்த வழி இருக்கிறது. கார்டு தேய்த்தால் சில கடைகளில் 2 சதவீதம் கூடக் கேட்பார்கள். விலை பேசும்போதே அதையும் பேசி முடித்துவிடுங்கள்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கி ஆம்னி பஸ் பார்சலில் அனுப்பச் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 700 கிலோமீட்டர் குலுக்கலில் போர்டில் மாட்டிய கார்டின் கனம் ஸ்லாட்டை உடைத்துவிடலாம். கார்டையும் பெரிய கூலரையும் கழற்றித் தனிப் பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள். ஆன்லைனில் எடுத்தால் பார்சலின் எல்லாப் பக்கமும் தெரிய, நிறுத்தாமல் வீடியோ எடுத்தபடி பிரியுங்கள்.

அசெம்பிளியை முடிந்தால் கூட இருந்து பாருங்கள். ஒரு மணி நேரம், அதிகம் போனால் இரண்டு. நான்கு ஸ்லாட் போர்டில் ராம் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போக வேண்டும். பயாஸ் என்ற தொடக்க செட்டிங்கில் எக்ஸ்எம்பி என்ற ராம் வேக அமைப்பைப் போடாவிட்டால் 3200 ராம் 2666இலோ அதற்கும் கீழோ ஓடலாம். மானிட்டர் ஒயர் கார்டில் செருகியிருக்க வேண்டும், போர்டில் அல்ல. ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கிய கார்டைத் தொடாமல் மாதக்கணக்கில் ஆடும் வீடுகள் இருக்கின்றன! 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினாலும் விண்டோஸ் செட்டிங்கில் மாற்றாதவரை 60இலேயே நிற்கலாம். விண்டோஸ் லைசென்ஸ் பில்லில் இல்லையென்றால் போட்டுத் தந்திருப்பது பெரும்பாலும் கிராக், அதாவது திருட்டு விண்டோஸ், என்று பொருள். யுபிஐ, பேங்க் வேலை அந்த சிஸ்டத்தில் நடக்குமென்றால் அதை ஏற்காதீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மூன்று சோதனைகள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரில் எஸ்எஸ்டியின் ஓடிய மணி நேரத்தைப் பாருங்கள். புதியது என்றால் ஒற்றை இலக்கத்தில் இருக்கும், நூறுகளில் இருந்தால் பழைய சரக்கு. ஜிபியு-இசட்டில் கார்டின் பெயரையும் மெமரியையும் பெட்டியோடு ஒப்பிடுங்கள். பிறகு இரவு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஓடவிட்டுத் தூங்குங்கள்; காலையில் ஒரே ஒரு சிவப்புப் பிழை இருந்தாலும் ராமை மாற்றித்தான் ஆக வேண்டும். இதோடு இரண்டு மணி நேரம் தொடர்ந்து கனமான கேம் ஓட வேண்டும், மத்தியான வெயிலில், ஏசி போடாமல். கார்டு 85 டிகிரியைத் தாண்டினால் கேபினெட்டில் காற்றோட்டம் போதவில்லை.

கரண்ட் விஷயத்தில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். மேலே சொன்ன சிஸ்டமும் மானிட்டரும் கேமின்போது சுமார் 300 வாட் இழுக்கும். கடையில் சேர்த்துத் தரும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட். பேட்டரி ஒரு வருடம் பழகியதும் கரண்ட் போன நொடியிலேயே படுத்துவிடும். 1 கேவிஏவாக எடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் அது சைன் வேவ் ஆக இருக்க வேண்டும். ஸ்கொயர் வேவில் நல்ல எஸ்எம்பிஎஸ்கள் முரண்டு பிடிக்கும். இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு, எகோ மோடு என்று சுவிட்ச் இருந்தால் யுபிஎஸ் பக்கம் தள்ளிவையுங்கள். கேபினெட்டைத் தொடும்போது விறுவிறு என்று அடித்தால் எர்த் சரியில்லை. முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அதுவரை ஆன் செய்ய வேண்டாம். தினம் மூன்று மணி நேர ஆட்டம் என்றால் இரண்டு மாத பில்லில் சுமார் 54 யூனிட் கூடும். ஏற்கனவே 450ஐத் தொடும் வீடு கவனிக்க வேண்டும்: 500ஐத் தாண்டினால் கீழடுக்கு யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடும்.

குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. சித்திரை, ஐப்பசி மாத சாயங்காலங்களில் இடி வேறு. இடிவெட்டு தொடங்கினால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் லேன் ஒயரையும் உருவ வேண்டும். ஃபைபர் இழை மின்சாரம் கடத்தாது. ஆனால் மோடத்தின் அடாப்டர் வழியாக ஏறும் அதிர்ச்சி லேன் ஒயரில் வந்து போர்டைக் கருக்கும். குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று ராம் ஸ்லாட்டையும் ஸ்க்ரூவையும் அரிக்கும்; ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள், ஆட ஆளில்லாத மாதங்களிலும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்து வீடுகளில் எறும்பு எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் குடியேறும். தரையில் வைக்காமல் மேசைமேல் வைப்பதுதான் வழி.

பழைய சிஸ்டத்துக்குக் கடையில் கிடைக்கும் எக்ஸ்சேஞ்ச் விலை கேட்டால் சிரிப்பு வரும். சின்னப் பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்கு விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டுக் கொடுத்தால் இன்னும் சில வருடம் ஓடும். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். கல்யாண போட்டோவெல்லாம் அதில்தான் இருக்கும். புது பாகங்களின் காலிப் பெட்டிகளையும் பில்லின் நகலையும் ஒரே சாக்கில் கட்டிப் பரணில் போடுங்கள், எலி கடிக்காத இடமாக. எந்தக் கம்பெனிக்கு எந்த ஊர் சர்வீஸ் சென்டர் என்று கடைக்காரரிடமே கேட்டு, ஒரு தாளில் எழுதி, கேபினெட்டின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.