இரண்டாம் கட்டில் விஎல்சி: பாட்டு பாடுகிறது, பாட்காஸ்ட் பாட மாட்டேன் என்கிறது

பள்ளத்தூரில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் பலகாரம் போட்டு விற்கிறேன். கையெல்லாம் மாவும் எண்ணெயுமாக இருக்கும்போது போனைத் தொட முடியாது. அதனால் பில் போட வாங்கிய பழைய கம்ப்யூட்டரில்தான் பாட்காஸ்ட், அதாவது இணையத்தில் வரும் பேச்சு நிகழ்ச்சி, கேட்பது, விஎல்சி பிளேயரில். ஆரஞ்சு நிற ரோட்டுக் கூம்பு படம் போட்டிருக்குமே, அதேதான். 1996-ல் பாரிஸ் அருகே கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலை. இன்றுவரை காசு கிடையாது, விளம்பரமும் கிடையாது.

இதில் பாட்காஸ்ட் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. கன்ட்ரோல் எல் அழுத்தினால் பிளேலிஸ்ட் திறக்கும். இடப்பக்கம் இன்டர்நெட் என்பதன் கீழ் பாட்காஸ்ட்ஸ் இருக்கும், அதன் மேல் மவுஸைக் கொண்டுபோனால் கூட்டல் குறி வரும். அங்கே ஆர்எஸ்எஸ் முகவரியை, அதாவது நிகழ்ச்சியின் பகுதிகளைப் பட்டியல் போட்டுத் தரும் முகவரியை, ஒட்ட வேண்டும். நிகழ்ச்சியின் இணையப் பக்க முகவரியை ஒட்டினால் ஒன்றும் வராது. முதல் நாள் நான் அதைத்தான் செய்துவிட்டு அரை மணி நேரம் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் திக்கல். வைஃபை பெட்டி முகப்பில் இருக்கிறது. வளவு என்கிற நடு முற்றத்தைத் தாண்டி, அந்தக் காலத்துச் சுவர்களைத் தாண்டி அடுப்படிக்கு வந்து சேர்வதற்குள் சிக்னலுக்கு மூச்சு வாங்கிவிடும். பேசுகிறவர் பாதி வார்த்தையில் நிற்பார். இதற்கு மருந்து விஎல்சியிலேயே இருக்கிறது. டூல்ஸ், பிரிஃபரன்சஸ், கீழே ஷோ செட்டிங்ஸில் ஆல், பிறகு இன்புட் / கோடெக்ஸ். அந்தப் பக்கத்தின் அடியில் நெட்வொர்க் கேச்சிங் 1000 என்று இருக்கும். ஆயிரம் மில்லி செகண்ட், அதாவது ஒரு நொடிக்கு வேண்டிய ஒலியைத்தான் முன்கூட்டி வாங்கி வைத்துக்கொள்கிறது. நான் 10000 ஆக்கி சேவ் கொடுத்தேன். தொடங்கக் கொஞ்சம் தாமதமாகும், நடுவில் நிற்பது அநேகமாக இல்லை.

உண்மையான தலைவலி ஆடி மாதம் வந்தது. ஒருநாள் காலையில் எந்த நிகழ்ச்சியைத் தொட்டாலும் ‘எம்ஆர்எல்லைத் திறக்க முடியவில்லை, லாகைப் பாருங்கள்’ என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி. எம்ஆர்எல் என்பது முகவரிதான். முகவரி என்றே எழுதியிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் ஹார்ட் டிஸ்கில் இருக்கும் பழைய பாட்டெல்லாம் ஜோராகப் பாடுகிறது. அதுதான் என்னைக் குழப்பிவிட்டது. விஎல்சியை அழித்து மறுபடி போட்டேன். வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டேன். இரண்டு நாள் பாட்டை வைத்தே சீடை உருட்டினோம்.

மூன்றாம் நாள் கோயம்புத்தூரில் இருக்கும் தம்பி மகனுக்கு போன் போட்டேன்.

“அயித்தை, அந்த முகவரியை பிரவுசர்ல போட்டுப் பாருங்க.”

போட்டேன். உங்கள் கடிகாரம் பின்தங்கி இருக்கிறது என்று வந்தது.

“டைம் என்ன காட்டுது?”

“ஏழரைப்பா,” என்றேன், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து.

“ஐயோ அயித்தை, கம்ப்யூட்டர்ல!”

கம்ப்யூட்டரில் 2012, ஜனவரி 1.

இணையத்தளங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும் என்று இருக்கும். கம்ப்யூட்டர் 2012-ல் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. கல்யாணம் நிச்சயமாகும் முன்னே மொய் எழுதப் போன கதை, வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டிலிருக்கும் பாட்டுக்கு யாருடைய சான்றிதழும் வேண்டாம், அதனால் அது பாடியது.

தேதியைச் சரிசெய்தேன், எல்லாம் ஓடியது. மறுநாள் காலை மறுபடி 2012. இரவில் பிளக் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுப்பது எங்கள் வழக்கம். அந்த நேரத்தில் தேதியைக் காப்பது கம்ப்யூட்டருக்குள் மதர்போர்டு என்கிற முதன்மைப் பலகையில் இருக்கும் பொத்தான் பேட்டரி, சிஆர் 2032, மூன்று வோல்ட். அது செத்துப் போயிருந்தது. காரைக்குடி போனபோது செக்காலை ரோட்டில் ஒரு வாட்ச் கடையில் வாங்கி வந்து, கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு நானே மாற்றினேன். பெட்டிக்குள் இருந்த அரிசிமாவுப் படலத்தைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

ஆகப் பழி விஎல்சி மேல் இல்லை. இருந்தாலும் குறை உண்டு. புதிய பகுதி வந்தால் தானாக இறக்கி வைக்காது. எதைக் கேட்டேன், எது பாக்கி என்ற கணக்கு அதனிடம் கிடையாது, நான் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைக்கிறேன். தீபாவளி ஆர்டர் சமயத்தில் முதல் நாள் இரவே பிரவுசரில் எம்பி3 இறக்கி வைத்துவிடுவேன். ஒலித்தரம் 128 கேபிபிஎஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 58 எம்பிதான்.

பிடித்த விஷயம், கீபோர்டு. ஸ்பேஸ் தட்டினால் நிற்கும், வலது சதுர அடைப்புக்குறி தட்டினால் வேகம் கூடும், சமக்குறி தட்டினால் பழைய வேகம். கீபோர்டு மேல் பிளாஸ்டிக் தாள் போட்டிருக்கிறேன், முழங்கையாலேயே வேலை முடிந்துவிடும். தேன்குழல் வேகும் இரைச்சலுக்கு ஒலியை 125 சதவீதம் வரை ஏற்றலாம். எங்கள் ஸ்பீக்கர் 110-லேயே கரகரக்கிறது, அது ஸ்பீக்கரின் கோளாறு.